ரேடியோ வாய் மூடும் ஐந்து நிமிஷம்

அந்த நர்ஸுக்கு ரேடியோ என்று யார் பேர் வைத்தார்களோ, அவர்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். அப்படி ஒரு பொருத்தம். தெருமுனையில் ஆள் தெரிவதற்கு முன்பே குரல் வந்து சேர்ந்துவிடும். காய்கறி வண்டிக்காரரிடம் முழங்கால் வலி தேவலையா என்று கேட்பாள். மாடியில் துணி உலர்த்துகிற பெண்ணிடம் பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரிப்பாள். பதில் வருவதற்குள் தன் வீட்டுக் குழாய் ஒழுகுகிற கதையை ஆரம்பித்துவிடுவாள். பட்டப்பேரைப் பற்றி அவளுக்குக் கோபமே இல்லை. "ரேடியோன்னா காசு கொடுத்து வாங்கணும். நான் இலவசம்" என்பாள்.

அவளுடைய கணவர் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் மோட்டார் பார்ப்பவர். நாளுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "அங்க மோட்டார், இங்க நீ. மோட்டாரையாவது நிறுத்தலாம்" என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னார். அதை அவள் இன்றுவரை வீடு வீடாகச் சொல்லிச் சிரிக்கிறாள்.

முதலில் அவள் பிரசவ வார்டில்தான் இருந்தாள். அவள் பேச்சில் வலி மறந்து பிள்ளை பெற்றவர்கள் உண்டு. பெற்ற பிறகு ஒரு கண் தூக்கம் இல்லாமல் தவித்தவர்களும் உண்டு. புகார் போனது. பிரசவம் முடிந்து வீடு திரும்பிய பெண்களை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்த்துவரும் வேலைக்கு அவளை மாற்றினார்கள். வெயிலில் அலைந்தால் வாய் கொஞ்சம் வறளும் என்று மேலிடம் கணக்குப் போட்டிருக்க வேண்டும். பேசுவதற்கு ஒரு வார்டுக்குப் பதில் இருபது தெருக்கள் கிடைத்தன. தண்டனை என்று கொடுத்தது அவளுக்கு லாட்டரியாக விழுந்தது.

இவ்வளவு பேசுகிறவளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் யாரும் வாய் திறக்கக் கூடாது. அந்தப் பெண் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும், நாற்காலியில் முதுகு சாய்ந்து உட்கார வேண்டும், கால் இரண்டும் தரையில் படிய வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் கிடக்க வேண்டும். டீவி, அடுப்படிப் பாத்திரம், மாமியாரின் அறிவுரை எல்லாம் நிறுத்தம். அவளும் நிறுத்திவிடுவாள். ஒருமுறை சும்மா இருக்கும்போது தன் கையிலேயே கருவியைக் கட்டிக்கொண்டு பேச்சோடு பேச்சாகப் பார்த்தாளாம். அப்புறம் வாயை மூடிக்கொண்டு பார்த்தாளாம். பேசும்போது எண் எவ்வளவு ஏறியிருந்தது என்று கண்டு அவளே பயந்துபோனாள். "என் வாய்க்கு மருந்து மாத்திரை போட முடியுமா?" என்று சொல்லிவிட்டு அன்றிலிருந்து இந்தச் சட்டத்தைப் போட்டுக்கொண்டாள். ரேடியோ அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கிற அதிசயத்தைப் பார்க்கவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து கதவோரம் நிற்கும்.

பிள்ளை பிறந்துவிட்டால் ஆபத்து தாண்டிவிட்டது என்று நினைப்பவர்கள்தான் ஊரில் பாதிப்பேர். பிரஷர் அப்படி நினைப்பதில்லை. கர்ப்பத்தில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, பிரசவமாகி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் தலைதூக்கும். கவனிக்காமல் விட்டால் வலிப்பில் கொண்டுபோய் விடும், மூளையில் ரத்தம் கசியும். பிள்ளையைப் பார்க்க வருகிற கூட்டத்தில் தாயைப் பார்க்க ஆள் இருக்காது. ரேடியோவின் வேலை தாயைப் பார்ப்பது.

டெய்லர் வீடு அவளுக்குப் புதிது. தெருவைப் பார்த்த முன்னறைதான் கடை. வெட்டும் மேஜை, ஆளுயரக் கண்ணாடி, வாசல் வெளிச்சம் விழுகிற இடத்தில் தையல் மெஷின். டெய்லர் ஆஜானுபாகு. தனக்குச் சட்டைத்துணி எடுத்தால் மற்ற இரண்டு பேருக்குத் தைக்கலாம் என்று அவரே சொல்லிக்கொள்வார். மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. ஒரே மகன் லாரியோடு வெளியூர் போயிருந்தான். மருமகளின் அம்மா படுத்த படுக்கையாக இருந்ததால் தாய்வீட்டுக்கும் அனுப்ப வழியில்லை. ஆகவே பிள்ளை பெற்று வந்த மருமகளுக்குச் சமையல், வெந்நீர், பேத்தியின் துணி அலசல் எல்லாம் டெய்லர்தான். ஒரு மாமியாரும் ஒரு தாயும் சேர்ந்து செய்கிற வேலையை ஒற்றை ஆளாகச் செய்துகொண்டு, இடையில் ஜாக்கெட்டும் தைத்துக்கொண்டிருந்தார்.

ரேடியோ படியேறும்போது அவர் ஒரு வாடிக்கையாளரிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். அந்த ஆள் தம்பிக்குச் சட்டை வேண்டுமென்றும், தம்பி தன்னைப்போலத்தான் இருப்பான் என்றும் சொன்னான்.

"தம்பியக் கூட்டிட்டு வா. அடுத்தவன் அளவுல நான் கத்தரி வைக்க மாட்டேன்" என்றார் டெய்லர். அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

"இப்படி வர்ற ஆளையெல்லாம் விரட்டினா கடை என்னத்துக்கு ஆகும்?" என்றாள் ரேடியோ.

"வாங்க நர்ஸம்மா. உங்களுக்கு இங்க வேலையே இல்ல. நானே எல்லாம் முடிச்சு வச்சிருக்கேன்" என்று டெய்லர் நெஞ்சை நிமிர்த்தினார்.

அவர் அளந்ததைக் கேட்டால் யாருக்குமே உச்சி குளிரும். பிரசவத்தின்போது மருமகளுக்குப் பிரஷர் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. இரண்டு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, தினமும் செக் பண்ண வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுப்பினார்கள். டெய்லருக்கே பிரஷர் உண்டு. டாக்டர் சொல்லி வாங்கிய கருவி வீட்டில் இருந்தது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நூத்தம்பதத் தாண்டினா ஓடி வாங்கன்னாங்க. புள்ள பொறந்து இன்னைக்கு ஆறாவது நாள். ஒருதடவை கூடத் தாண்டல. இன்னைக்குக் காலையில நூத்தி நாப்பத்திரெண்டு" என்றார்.

ரேடியோவுக்கே ஒரு கணம் சபலம் தட்டியது. இன்னும் நாலு வீடு பாக்கி. இவ்வளவு பொறுப்பான மனிதர் இருக்கும் இடத்தில் பிள்ளையை மட்டும் எடை போட்டுவிட்டு நடையைக் கட்டினால் என்ன? ஆனாலும் பழக்கம் விடவில்லை. மருமகளைக் கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லி, உள்ளறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். "ஐயா, அஞ்சு நிமிஷம் மெஷினை நிறுத்துங்க" என்று முன்னறைக்குக் குரல் கொடுத்தாள். தையல் மெஷின் நின்றது. ரேடியோவும் நின்றது.

பேசாமல் இருக்கும்போது மனுஷிக்கு வேறு வேலை இல்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நல்ல வெயில். அந்த அறையின் ஜன்னல் திரை மட்டும் இழுத்து மூடியிருந்தது. காற்றில் திரை விலகி ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே விழுந்தபோது மருமகள் கண்ணை இடுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முகம் உப்பியிருந்தது. மெல்லிய கைக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. மோதிரம் விரலில் புதைந்து கிடந்தது. இன்னொரு கை அடிக்கடி வலது விலாவுக்குக் கீழே போய் அழுத்திவிட்டு வந்தது. தொட்டிலில் பிள்ளை நிம்மதியாகத் தூங்கியது. சுவர்க்கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பது அன்றைக்குத்தான் ரேடியோவுக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது.

நேரம் ஆனதும் பையைத் திறந்தாள். கையில் கட்டுகிற பட்டை அவளிடம் மூன்று அளவில் உண்டு. மருமகளின் மேற்கையைப் பார்த்துவிட்டு, சின்னப் பட்டையை எடுத்துக் கட்டினாள். காற்று ஏறி இறங்கியது. நூற்று அறுபத்தெட்டு. கீழே நூற்றுப் பன்னிரண்டு. சற்றுப் பொறுத்து மறுபடியும் பார்த்தாள். பெரிய மாற்றம் இல்லை.

"தலை வலிக்குதா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மருமகள் முன்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "ரெண்டு நாளா இடிக்குதுக்கா. மாத்திரை போட்டும் போகல. நேத்துலேருந்து கண்ணுல பூச்சி பறக்குது. தூக்கம் இல்லாததாலதான் இருக்கும்னு விட்டுட்டேன்."

"விலாவுல?"

"அது சாப்பாடு செரிக்கல போல."

"மாமாகிட்ட ஏன் சொல்லல?"

அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "மெஷின் பார்த்துட்டு ஒவ்வொரு தடவையும் அப்படிச் சந்தோஷப்படுவாரு. பாவம், ராத்திரி பகல் பார்க்காம செய்யறாரு. நல்லாருக்குன்னு மெஷினே சொல்லும்போது நான் போயி வலிக்குதுன்னா, வேணும்னே சொல்ற மாதிரி ஆயிடாதா?"

ரேடியோ எழுந்தாள். மருமகளைக் கட்டிலில் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தாள். அறை வாசலுக்கு வந்து போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்கும் பேசினாள். எப்போதும் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் அன்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினாள். பிரசவமாகி ஆறாம் நாள், இந்த அளவு பிரஷர், தலைவலி, கண்ணில் பூச்சி, வலிப்பு வரலாம், மருந்தைத் தயாராக வையுங்கள்.

"வலிப்பா?" டெய்லர் பின்னால் நின்றிருந்தார். "என்ன சொல்றீங்க? காலையிலதான பார்த்தேன்! உங்க மெஷின்ல ஏதோ கோளாறு. இருங்க, என்னோடதக் கொண்டாறேன்."

கொண்டுவந்தார். கையோடு பட்டையையும் பிரித்துக் காட்டினார். அது அவருடைய கைக்கு வாங்கிய பட்டை. நல்ல அகலம். ரேடியோ அதை வாங்கி மருமகளின் மேற்கையைச் சுற்றினாள். தோளிலிருந்து முழங்கைவரை மூடி, ஒரு சுற்றுச் சுற்றி, இன்னும் பாதிச் சுற்றுக்கு நீண்டு தொங்கியது.

அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. பட்டை கைக்குப் பெரிதாக இருந்தால் கருவி எண்ணைக் குறைத்துத்தான் காட்டும் என்று வகுப்பே எடுக்கலாம். "ஐயா, இது யார் அளவு?" என்று மட்டும் கேட்டாள்.

டெய்லர் தொங்குகிற நுனியைப் பார்த்தார். கழுத்தில் கிடந்த அளவு டேப்பை அவர் கை தானாகப் பிடித்துக்கொண்டது. முகத்தில் ஈயாடவில்லை. "என் அளவு" என்றார். அப்புறம் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேத்தியின் துணிகளை எடுத்துப் பையில் வைக்கச் சொல்லி ரேடியோதான் அவரை நகர்த்த வேண்டியிருந்தது.

ஆம்புலன்ஸில் சைரனை அணைக்கச் சொன்னாள். வெளிச்சமும் சத்தமும் ஆகாது. மருமகளின் கண்மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு, நாடியைப் பிடித்துக்கொண்டு, வலிப்பு வந்தால் எப்படித் திருப்பிப் பிடிப்பது என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தபடி வந்தாள். எதிரில் டெய்லர் பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு பேயறைந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

"அக்கா" என்றாள் மருமகள் துணிக்கு அடியிலிருந்து. "ஏதாவது பேசுங்கக்கா. நீங்களே பேசாம வந்தா ரொம்பப் பயமா இருக்கு."

ரேடியோவிடம் இதுவரை பேச்சை நிறுத்தச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். குரலைத் தணித்துக்கொண்டு, வீட்டுக் குழாய் ஒழுகுகிற கதையைச் சொன்னாள். ஊருக்கே தண்ணீர் ஏற்றுகிற கணவருக்குச் சொந்த வீட்டுக் குழாயைச் சரிசெய்ய நேரமில்லை என்பதைச் சொன்னாள். மோட்டாரையாவது நிறுத்தலாம் என்று அவர் சொன்னதையும் சொன்னாள். துணிக்கு அடியில் உதடு லேசாக விரிந்தது. ஆஸ்பத்திரி வரும்வரை அதே குரலில் விடாமல் பேசினாள். என்ன பேசினாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியாது.

அங்கே எல்லாம் தயாராக இருந்தது. டாக்டர் பெண்மணி வாசலிலேயே நின்றிருந்தார். ஒரு பக்கம் பிரஷரைக் குறைக்கும் ஊசி, மறுபக்கம் வலிப்பு வராமல் தடுக்கும் மருந்து நரம்பு வழியாக. ஓரக்கட்டில், மங்கலான விளக்கு, பார்வையாளர்களுக்குத் தடை. மருந்து ஏற ஏற மருமகளுக்கு உடம்பெல்லாம் குப்பென்று சூடேறியது. அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார்கள். வார்டு நர்ஸ் குறித்த நேரத்துக்கு ஒருதரம் வந்து மூச்சை எண்ணினாள், சிறுநீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தாள், சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினாள். கால் ஒவ்வொரு முறையும் துள்ளியது.

"எதுக்குக்கா தட்டிட்டே இருக்காங்க?" என்று மருமகள் கேட்டாள்.

"மருந்து அளவுக்கு மேல ஏறினா முதல்ல கால்தான் துள்ளறத நிறுத்தும். அது துள்ளுற வரைக்கும் நமக்குக் கவலையில்ல. நல்லா எட்டி உதை" என்றாள் ரேடியோ.

வலிப்பு வரவில்லை. மறுநாள் காலையில் தலைவலி விட்டது. கண்ணில் பூச்சியும் ஓய்ந்தது. பாக்கி நாலு வீட்டையும் முடித்துவிட்டு வந்து பார்த்த ரேடியோவிடம் மருமகள் பசிக்கிறது என்றாள். பாலுக்கு அழுத பேத்தியை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரேடியோ, வராந்தா பெஞ்சில் டெய்லருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஊருக்கெல்லாம் அளவு பேசினேன்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "வீட்டுப் பிள்ளைக்கு அளவு பார்க்கல. நான் பார்க்காமலே இருந்திருந்தா அவளாவது வாய்விட்டுச் சொல்லியிருப்பா."

இல்லை என்று சொல்லிவிடலாம். அது பொய்யாக இருக்கும். "ஆமாங்கய்யா. தப்புதான்" என்றாள் ரேடியோ. "அக்கறை இல்லாம நடந்த தப்பு இல்ல. கடையில வித்தவனும் சொல்லல, ஆஸ்பத்திரியில நாங்களும் எந்தப் பட்டைன்னு கேட்கல." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மருமகள் மாத்திரையோடு வீடு திரும்பினாள். இன்னும் சில வாரம் தினமும் பிரஷர் பார்த்தாக வேண்டும். ரேடியோவால் தினமும் வர முடியாது. மகனும் ஓடி வந்து பார்த்துவிட்டு மறுபடி லாரி ஏற வேண்டியவன். ஆக, அந்த வீட்டில் பார்க்க ஒரே ஆள்தான். அந்த ஆளோ கருவியை ஒரு பழைய துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

"என் கையால இனி வேண்டாம். வேற யாரையாவது ஏற்பாடு பண்ணுங்க" என்றார்.

"யாரை? காய்கறி வண்டிக்காரரையா?"

"நான் தொட மாட்டேன் நர்ஸம்மா."

ரேடியோ பையிலிருந்து ஒரு சின்னப் பட்டையை எடுத்தாள். அவருடைய கருவிக்கே பொருந்துவதாக அலைந்து பிடித்து வாங்கியது. கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "ஐயா, ஒரு உதவி. இது சரியா இருக்குமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. கொஞ்சம் அளந்து சொல்லுங்க."

அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். மருமகள் கையை நீட்டினாள். டெய்லர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த டேப்பை உருவினார். தோள்முனையையும் முழங்கைமுனையையும் தொட்டு நடுவிடம் குறித்தார். ஜாக்கெட்டுக்கு அளப்பதைவிடப் பத்து மடங்கு நிதானமாக டேப்பைச் சுற்றினார். இறுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை.

"எட்டரை அங்குலம்" என்றார். பட்டையை வாங்கி, அதிலே போட்டிருந்த அளவுக் கோடுகளையும் டேப்பையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "இது இவ அளவுதான்." பரணுக்கு ஏணி போட்டார்.

அடுத்த வாரம் ரேடியோ போனபோது தெருமுனையிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு போனாள். குழாயைக் கணவர் கடைசியில் சரிசெய்துவிட்டார், இப்போது குளியலறைக் கதவு மாட்டிக்கொள்கிறது. கதவு விவகாரம் பாதியில் இருக்கும்போதே வீட்டுக்குள் காலடி எடுத்து வைத்தாள்.

"உஸ்!" என்றார் டெய்லர்.

மருமகள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் தரையில். கை மேஜைமேல். தையல் மெஷின் நின்றிருந்தது. தைத்த துணியை வாங்க வந்த ஒரு பெண்ணையும் டெய்லர் ஸ்டூலில் வாய்மூடி உட்காரவைத்திருந்தார். ரேடியோ பக்கம் விரலை நீட்டி, இடமில்லாததால் வெட்டும் மேஜையின் ஓரத்தைக் காட்டினார். அவள் போய் மரியாதையாக உட்கார்ந்தாள். பேத்தி மட்டும் தொட்டிலில் என்னவோ முனகியது. அதற்கு மட்டும் அந்த வீட்டில் விலக்கு.

நேரம் முடிந்தது. டெய்லர் சின்னப் பட்டையைக் கட்டிப் பொத்தானை அழுத்தினார். எண் வந்து நின்றது. ரேடியோ எட்டிப் பார்த்தாள். நல்ல எண். சொல்வதற்கு வாய் துறுதுறுத்தது.

டெய்லர் கருவியின் முகப்பைக் கையால் மூடிக்கொண்டார். மருமகளுக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நம்பர் கிடக்கட்டும்மா" என்றார். "உனக்கு எப்படி இருக்கு? முதல்ல நீ சொல்லு."

மருமகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். தலைவலி இல்லை என்றாள். தூக்கம்தான் போதவில்லை, முதுகு பிடித்துக்கொள்கிறது, அம்மாவைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது, நேற்று ராத்திரி காரணமே இல்லாமல் அழுகை வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். டெய்லர் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முடிக்கும்வரை ரேடியோ குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.